'ஏன்?' என்று ஒரு கட்டம்

என் வகுப்பில் இணையத்தில் ஆடும் ஒரு வியாபார விளையாட்டு. அதன் பதினோராவது வாரத்தில், தொழிற்சாலையாக ஆடிய மாணவி, அதாவது தொழிற்சாலைக்காரி, கையைத் தூக்கினாள். "மேடம், சிஸ்டத்துல ஏதோ தப்பு இருக்கு. எனக்கு 40 பெட்டிக்கு ஆர்டர் வந்திருக்கு." போய் அவள் திரையைப் பார்த்தேன். தப்பு எதுவும் இல்லை. முந்தின வாரம் 22, அதற்கு முந்தின வாரம் 14, இந்த வாரம் 40. "ஆர்டர்தாம்மா. நீயே யோசிச்சுப் போடு" என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு உற்பத்தி 50 என்று தட்டினாள். அந்த 50 பெட்டியும் தயாராகிக் கிடங்குக்கு வந்து சேர்ந்தபோது ஆர்டர் பூஜ்யம். அடுத்த வாரமும் பூஜ்யம். அதற்கடுத்த வாரமும்.

அவள் முகத்தில் அப்போது வந்தது கோபம். விளையாட்டில் தோற்கும் கோபம் வேறு. இது ஏமாற்றப்பட்டவரின் கோபம். பக்கத்து மேசையில் இருந்த விநியோகஸ்தரைத் திரும்பி முறைத்தாள். அந்தப் பையனோ அவளைவிடக் கோபமாக மொத்த வியாபாரியை முறைத்துக்கொண்டிருந்தான்.

நான் நடத்தும் ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் (உற்பத்தியையும் சரக்கு ஓட்டத்தையும் நிர்வகிப்பது) பாடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த நிமிடம் இதுதான். கரும்பலகையில் நான் எத்தனை வரைபடம் போட்டாலும் அந்த முறைப்பை வரவழைக்க முடியாது.

இது பலருக்கும் தெரிந்த பழைய விளையாட்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டரின் குழு 1960-களையொட்டி உருவாக்கியது. பெயர் பீர் கேம். என் வகுப்பில் பீரை எடுத்துவிட்டு வெறும் 'பெட்டி' என்று வைத்திருக்கிறேன். நான்கு பேர் ஒரு சங்கிலி: சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை. வாரத்துக்கு ஒரே ஒரு முடிவு: மேலே இருப்பவரிடம் எத்தனை பெட்டி கேட்பது? ஆர்டர் போய்ச்சேர 2 வாரம், சரக்கு வந்துசேர 2 வாரம். கையில் தேங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் வாரத்துக்கு அரை டாலர் செலவு. கொடுக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர். ஒருவரோடொருவர் பேசக்கூடாது. வாடிக்கையாளர் எவ்வளவு கேட்கிறார் என்பது சில்லறை வியாபாரிக்கு மட்டுமே தெரியும்.

அந்த வாடிக்கையாளர் செய்வது இவ்வளவுதான்: முதல் 4 வாரம் வாரத்துக்கு 4 பெட்டி, ஐந்தாவது வாரத்திலிருந்து 8. அப்புறம் கடைசிவரை 8, 8, 8. ஒரே ஒரு படி. அது மேலே போகப்போக 14 ஆகி, 22 ஆகி, 40 ஆகி, பூஜ்யத்தில் வந்து விழுகிறது. சாட்டையின் கைப்பிடியை லேசாக அசைத்தால் நுனி வீசியடிக்கும் அல்லவா, அதனால் இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர்.

எனக்கு இது வெறும் பாடம் இல்லை. ஆசிரியர் வேலைக்கு வருவதற்கு முன் ஐந்து வருடம் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடலில் இருந்தேன். ஒரு முறை ஒரு சின்ன உதிரிபாகத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. சப்ளையர் கேட்டதில் பாதிதான் அனுப்பினார். எனக்குத் தேவை ஆயிரம் என்றால் இரண்டாயிரம் என்று ஆர்டர் போட ஆரம்பித்தேன், பாதி வந்தாலும் ஆயிரம் வருமே என்று. அந்தச் சப்ளையரிடம் வாங்கிய மற்றவர்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. தட்டுப்பாடு நீங்கிய மாதத்தில் லாரி லாரியாகச் சரக்கு வந்து இறங்கியது. கிடங்கில் நடக்க இடமில்லை. 1997-ல் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் சாட்டை விளைவுக்கு நான்கு காரணங்களை எழுதினார்கள். கீழிருந்து வரும் ஆர்டரையே உண்மையான தேவை என்று நம்பிக் கணிப்பது, சேர்த்துவைத்து மொத்தமாக ஆர்டர் போடுவது, விலை ஏறி இறங்குவது, தட்டுப்பாட்டுக் காலத்தில் கூட்டிக் கேட்பது. அந்த நான்காவதைப் படித்தபோது என்னைப் பற்றியே யாரோ எழுதியதுபோல இருந்தது. அதே கட்டுரையில் குழந்தைகளின் டயப்பரைப் பற்றியும் வரும். குழந்தைகள் மாதாமாதம் ஒரே சீராகத்தான் டயப்பரை நனைக்கிறார்கள். ஆனால் டயப்பர் தயாரிக்கும் பி அண்ட் ஜி நிறுவனத்துக்கு வரும் ஆர்டரோ எகிறி எகிறி விழுகிறது. இந்த உதாரணத்தை எந்த வகுப்பில் சொன்னாலும் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

சரி, இந்த விளையாட்டின் இணைய வடிவத்துக்கு வருகிறேன்.

முன்பெல்லாம் இதை மேசையில் பெரிய தாளை விரித்து, வில்லைகளை நகர்த்தித்தான் ஆடுவோம். ஒரு ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பாதி நேரம் எண்ணுவதிலேயே போய்விடும். யாரோ ஒருவர் வில்லையை நகர்த்த மறப்பார், கணக்கு உதைக்கும், மூன்று வாரம் பின்னால் போக வேண்டியிருக்கும். அதனால் இணையத்தில் கிடைக்கிறது என்றதும் மகிழ்ச்சியோடு மாறினேன். எண்ணும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும், வரைபடமும் தானாக வரும், பத்து அணிகள் ஒரே நேரத்தில் ஆடலாம்.

முதல் தடவை 36 வாரமும் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மேசையில் ஒரு வாரத்தைக் கடக்க இரண்டு மூன்று நிமிடம் ஆனது, இங்கே ஒரு தட்டு. எண்ணைப் போடு, தட்டு. எண்ணைப் போடு, தட்டு. ஒரு அணி முந்துகிறது என்று திரையில் தெரிந்ததும் மற்ற அணிகள் இன்னும் வேகமாகத் தட்டின. முடிந்ததும் எல்லோர் கண்ணும் தரவரிசைப் பட்டியலில். "நாங்கதான் ஃபர்ஸ்ட்!" என்று ஒரே சத்தம். சத்தம் அடங்கிய பிறகு அந்த முதலிடத்து அணியிடம் கேட்டேன்: "பத்தாவது வாரத்துல 30 போட்டீங்களே, ஏன்?" ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் நினைவில்லை. "டிமாண்ட் ஏறுச்சு மேடம்" என்றான் ஒருவன். ஏறவில்லை. ஐந்து வாரமாக அது 8-லேயேதான் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போகும்வரை அது மனதை அரித்துக்கொண்டிருந்தது. கணினி எண்ணும் வேலையை எடுத்துக்கொண்டது நல்லதுதான். ஆனால் வில்லையை நகர்த்திய அந்த இரண்டு நிமிடத்தில்தான் மாணவர்கள் யோசித்தார்கள், தயங்கினார்கள், தவித்தார்கள். காத்திருப்பதுதான் இந்த விளையாட்டின் உயிர். நான்கு வாரத் தாமதத்தை நான்கு தட்டாக மாற்றிவிட்டால் தாமதம் என்றால் என்னவென்று எப்படித் தெரியும்?

அடுத்த செமஸ்டரில் இரண்டு மாற்றம் செய்தேன். தரவரிசையை மறைத்தேன். அப்புறம் ஆளுக்கு ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தேன். அதில் ஐந்தே பத்திகள்: வாரம், இருப்பு, நிலுவை, ஆர்டர், ஏன். திரையில் எண்ணைப் போடுவதற்கு முன் தாளில் பேனாவால் எழுத வேண்டும், காரணத்தோடு. ஒரு வாரத்துக்கு ஒன்றரை நிமிடம். நான் மணி அடித்தால்தான் தட்டலாம். 36 வாரத்துக்கு 54 நிமிடம். எத்தனை வாரம் ஆடப்போகிறோம் என்பதைச் சொல்ல மாட்டேன். கடைசி வாரம் இதுதான் என்று தெரிந்தால் எல்லோரும் சரக்கை அப்படியே தீர்த்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள்.

அந்தத் தாள்களை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. ஒரு அட்டைப்பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்று, ஒரு சில்லறை வியாபாரியுடையது. ஐந்தாம் வாரம்: "8 கேட்டாங்க. ஒரு வாரம்தான் இருக்கும். ஆர்டர் 4." ஆறாம் வாரம்: "மறுபடி 8. ஆர்டர் 8." ஏழாம் வாரம்: "இருப்பு கரையுது. ஆர்டர் 12." எட்டாம் வாரத்தில் எழுத்தே மாறிவிடுகிறது, பெரிது பெரிதாக, கோணலாக: "கேட்டது இன்னும் வரல!!! ஆர்டர் 20." ஒன்பதாம் வாரம் ஒரே சொல்: "வரல." ஆர்டர் 24.

இந்தப் பையன் முட்டாள் இல்லை. வகுப்பின் கெட்டிக்காரர்களில் ஒருவன். கணக்கைப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் கையில் 12 பெட்டி. ஐந்தாம் வாரத்திலிருந்து 8 போகிறது. வருவதோ பழைய ஆர்டரின்படி 4. வாரம் 4 பெட்டி குறையும்: 8, 4, 0, அப்புறம் 4 பெட்டி நிலுவை. ஐந்தாம் வாரமே சரியாக 8 என்று ஆர்டர் போட்டிருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் அது வந்துசேர நான்கு வாரம் ஆகும். கண்ணெதிரே இருப்பு கரையும்போது, கேட்டது வழியில் வந்துகொண்டிருக்கிறது என்பது மறந்துபோகிறது. எட்டாம் வாரத்தில் அவன் 20 எழுதியபோது முந்தைய ஆர்டர்கள் 4, 8, 12 மூன்றும் வழியில் இருந்தன. அவற்றை அவன் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவன் ஆடிய இணைய விளையாட்டில் வழியிலுள்ள சரக்கும் திரையின் ஓரத்தில் தெரியும். தெரிந்தும் பார்க்கவில்லை.

இந்த விளையாட்டை ஆராய்ந்த ஜான் ஸ்டெர்மன் 1989-ல் காட்டியதும் இதைத்தான். அவர் ஆராய்ந்த ஆட்டங்களில் செலவு, இருந்திருக்க வேண்டிய குறைந்தபட்சச் செலவைப்போலச் சராசரியாகப் பத்து மடங்கு. வழியிலுள்ள சரக்கை ஆட்டக்காரர்கள் போதுமான அளவு கணக்கில் கொள்ளவில்லை என்பது அவர் கண்ட முக்கியமான காரணம். இதை நான் வகுப்பில் ஆட்டத்துக்கு முன்பு சொல்லிப் பார்த்திருக்கிறேன். குறித்துக்கொள்கிறார்கள். பிறகு ஆடும்போது அப்படியே மறந்துபோகிறார்கள். அதனால் இப்போது முன்பாக எதுவும் சொல்வதில்லை. தாளில் 'வழியில்' என்று ஒரு பத்தி ஏன் வைக்கவில்லை என்று உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் கேட்டார். வைத்தால் விடையையே அச்சடித்துக் கொடுத்ததுபோல ஆகிவிடும்.

ஆட்டம் முடிந்ததும் தொழிற்சாலை, விநியோகஸ்தர், மொத்த வியாபாரி மூவரிடமும் ஒரு வெற்றுத்தாள் கொடுப்பேன். "வாடிக்கையாளர் வாரத்துக்கு எவ்வளவு கேட்டார்னு நினைக்கிறீங்க? வரைஞ்சு காட்டுங்க." வருடா வருடம் ஒரே மாதிரி மலைத்தொடர்தான்: ஏற்றம், உச்சி, பள்ளத்தாக்கு. சிலர் உச்சியின் மேல் 'பண்டிகை சீசன்' என்றுகூட எழுதிவைப்பார்கள். எல்லாவற்றையும் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் உண்மையான கோட்டைப் ப்ரொஜெக்டரில் காட்டுவேன். 4, ஒரு படி, 8. வகுப்பு அமைதியாகிவிடும். யாராவது ஒருவர் மெல்லத் திரும்பித் தன் சில்லறை வியாபாரியைப் பார்ப்பார், "நீ என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்பதுபோல. சொல்லக்கூடாது என்பது என் விதி. அடுத்த ஒரு மணி நேரமும் அந்த விதியைப் பற்றித்தான் பேசுவோம். நிஜத்தில் அந்த விதியை யார் போட்டார்கள்? சொல்லாமல் வைத்திருப்பதால் யாருக்கு என்ன லாபம்?

இந்தப் பேச்சுக்கு அந்த 'ஏன்' பத்திதான் உயிர்கொடுக்கிறது. தாள் இல்லாத வருடத்தில் எல்லோரும் அடுத்தவரைக் குறைசொல்லிவிட்டு எழுந்துபோனார்கள். இப்போது தான் எழுதியதைத் தானே படிக்க வேண்டியிருக்கிறது. "பயமா இருந்துச்சு மேடம், அதான் கூட்டிப் போட்டேன்" என்று ஒரு மாணவன் எல்லோர் முன்னாலும் சொன்னான். பயத்துக்குப் போடும் ஆர்டர் என்று ஒன்று உண்டு, அதற்கும் செலவு உண்டு என்று அன்றைக்கு அவன்தான் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தான்.

பேச்சு முடிந்ததும் இரண்டாம் சுற்று. இந்த முறை நால்வருக்கும் மற்றவர் இருப்பு தெரியும்படி அமைப்பேன். ஆர்டரின் ஏற்ற இறக்கம் அடங்கும், ஆனால் முழுசாக அடங்காது. க்ரோசன், டோனஹ்யூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்: தேவையின் போக்கு எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்தாலும் சாட்டை வீசத்தான் செய்கிறது; இருப்பை எல்லோருக்கும் காட்டினால் குறைகிறது, முக்கியமாகத் தொழிற்சாலைப் பக்கம் இருப்பவர்களுக்கு. தகவல் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் மாணவர்களுக்கு இது நல்ல உதை.

இன்னொரு விளையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். லிட்டில்ஃபீல்ட் என்று ஒரு கற்பனைத் தொழிற்சாலை; ஸ்டான்ஃபோர்டில் சுனில் குமார், சாமுவேல் வுட் இருவரும் உருவாக்கியது. இது வகுப்பில் உட்கார்ந்து ஆடுவதல்ல. ஒருமுறை தொடங்கிவிட்டால் நாள் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும், நாம் தூங்கினாலும். மூன்று ஸ்டேஷன்கள் (மெஷின்கள் நிற்கும் வேலையிடங்கள்), நான்கு வேலைப்படிகள். இரண்டாவது ஸ்டேஷன் மட்டும் இரண்டாம் படியையும் நான்காம் படியையும் சேர்த்துச் செய்யும். ஆர்டர்கள் ஒழுங்கில்லாமல் வரும். தாமதமானால் கிடைக்கும் பணம் குறையும். எந்த ஸ்டேஷனுக்கு எப்போது மெஷின் வாங்குவது, மூலப்பொருளை எப்போது ஆர்டர் செய்வது, எவ்வளவு என்பதையெல்லாம் அணியே முடிவு செய்ய வேண்டும்.

இதில் நான் பார்க்கும் தவறு எப்போதும் ஒன்றுதான். "மெஷின் 90 சதவீதம்தான் ஓடுது மேடம், இன்னும் 10 சதவீதம் சும்மா கிடக்கே, எதுக்குப் புது மெஷின்?" வரிசைக் கோட்பாட்டின் (வேலைகள் வரிசையில் எவ்வளவு தேங்கும் என்ற கணக்கு) பாடம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. வருகையும் வேலை நேரமும் ஒழுங்கின்றி மாறும் எளிமையான ஒற்றை மெஷினை எடுத்துக்கொண்டால், 80 சதவீதத்தில் ஓடும்போது சராசரியாக 4 வேலைகள் அங்கே நிற்கும். 90-ல் 9. 95-ல் 19. 90-லிருந்து 95-க்குப் போகும் அந்த ஐந்து சதவீதத்துக்குள் கூட்டம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. இந்தச் சூத்திரத்தைத் தேர்வில் எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். ஆனால் ராத்திரி பதினொன்றரைக்கு உள்ளே போய், சாயங்காலம் 15 ஆக இருந்த வரிசை 60 ஆகிக் கிடப்பதைப் பார்த்த அணிக்குத்தான் 95 சதவீதம் என்றால் என்னவென்று தெரியும். அவர்களுக்கு லிட்டிலின் விதியையும் அப்போதே சொல்லிவிடலாம். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது: நிற்கும் எண்ணிக்கையை வரும் வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் நேரம். 60 நிற்கிறது, நாளுக்கு 12 வருகிறது என்றால் ஒரு ஆர்டர் வெளியே வர 5 நாள். "இன்னைக்கு உள்ள போனது இந்த வாரம் வெளியே வராது" என்று ஒரு மாணவி அணியின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியதை எனக்குக் காட்டினாள். நான் நடத்தியதைவிட அது தெளிவாக இருந்தது.

முதல் ஸ்டேஷனுக்கு மெஷின் வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போன அணி, காலையில் கூட்டம் இரண்டாவது ஸ்டேஷனுக்கு நகர்ந்திருப்பதைப் பார்க்கும். பாட்டில்நெக் (வேலை அடைத்துக்கொண்டு தேங்கும் இடம்) இடம் மாறும் என்பதை நான் தனியாக நடத்துவதே இல்லை இப்போது.

மதிப்பெண் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கடைசியில் கையிருப்புப் பணம் யாருக்கு அதிகமோ அவர்களுக்கு முழு மதிப்பெண் என்று வைக்கக்கூடாது. அதிர்ஷ்டமும் அதில் கலந்திருக்கிறது. அதைவிட முக்கியம், மதிப்பெண்ணுக்காக ஆடும்போது யாரும் எதையும் முயன்று பார்ப்பதில்லை, ஜெயித்த அணியைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்கள். நான் 'ஏன்' பத்திக்கு மட்டும் மதிப்பெண் போடுகிறேன். முடிவு தவறாக இருக்கலாம், காரணம் நேர்மையாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும். ஆட்டத்தில் கடைசி இடம் பிடித்த அணி என் வகுப்பில் இரண்டு முறை முதல் மதிப்பெண் வாங்கியிருக்கிறது.

எல்லாப் பாடத்துக்கும் விளையாட்டு தேவை என்றும் நான் நினைக்கவில்லை. எவ்வளவு வாங்கினால் சிக்கனம் என்று 1913-ல் ஃபோர்ட் ஹாரிஸ் போட்ட சூத்திரத்துக்குக் கரும்பலகையும் இருபது நிமிடமும் போதும். தாமதம், பயம், அடுத்தவர் என்ன செய்வார் என்ற சந்தேகம் இவை எங்கே கலக்கிறதோ அங்கேதான் விளையாட்டு வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு நடைமுறை விஷயம். இணையம் நடுவில் அறுந்துபோகும் என்று வைத்துக்கொண்டே வகுப்புக்குப் போங்கள். எனக்கு ஒரு முறை பதினெட்டாம் வாரத்தில் அறுந்தது. எல்லோர் தாளிலும் இருப்பும் நிலுவையும் ஆர்டரும் எழுதியிருந்ததால், மிச்ச வாரங்களைத் துண்டுச் சீட்டிலேயே ஆடி முடித்தோம். அந்த வகுப்பு நன்றாகவே நடந்தது.

அந்தத் தொழிற்சாலைக்காரியை இரண்டாம் சுற்றில் சில்லறை வியாபாரியாக மாற்றி உட்கார வைத்தேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அவள் தாளில் ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தாள். 'நிலுவை'க்கும் 'ஆர்டர்'க்கும் நடுவில் ஆறாவதாக ஒரு பத்தி. தலைப்பில் 'வழியில்' என்று எழுதினாள். பதினோராவது வாரம் மறுபடியும் அவள் பின்னால் போய் நின்றேன். இருப்பு 3. நிலுவை 0. வழியில் 32. ஆர்டர் 8. 'ஏன்' என்ற கட்டத்தில், "32 வந்துட்டு இருக்கு. போதும்" என்று எழுதிவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு, நான் மணி அடிக்கக் காத்திருந்தாள்.